வண்டி எந்த வழியாக மூச்சு விடுகிறது

திண்டிவனத்தில் நான் வளர்ந்த நாளில் ஹார்டுவேர் கடை என்பது பெரும்பாலும் விவசாயிக்கான கடை. சுற்றுவட்டாரம் முழுக்க நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும். கிணறு உள்ள நிலத்தில் மோட்டார் இருக்கும். கரண்ட் எட்டாத கொல்லையில் ஆயில் இன்ஜின் தடதடக்கும். ஆகவே கடை வாசலில் பி.வி.சி. பைப்புகள் கட்டுக்கட்டாகச் சாய்ந்திருக்கும். உள்ளே போனால் சக்‌ஷன் ஓஸ் சுருள், ஃபுட் வால்வு, கயிறு, கட்டுக்கம்பி, மரப்பெட்டிக்குள் ஓஸ் கிளிப்புகள். பைப்பில் 63 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் வாங்குகிறவரும் விற்கிறவரும் சொல்வது 'ரெண்டு இன்ச்'தான். காருக்கு வேண்டிய ஒரு பொருளை அந்தக் கடையில் வாங்க முடியும் என்று எனக்குக் காட்டியவர், ரயில்வே மேம்பாலத்துப் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் அவர் அண்ணன்.

கார் என் மாமாவுடையது. மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். 1983-ல் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் என்ற ஆசையைக் காட்டிய வண்டி அது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர். காலையில் செஞ்சி ரோட்டில் விட்டால் சிட்டாகப் பறக்கும். மத்தியானம் அதே ரோட்டில், அதே ஆட்களோடு திரும்பும்போது இளைத்துப் போகும். மயிலம் கோயில் மலைப் பாதையில் ஏறும்போது ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துதான் மேலே சேரும். சைலன்சர் வாயில் விரலை விட்டால் கரி அப்பும். பெட்ரோலும் கணக்குக்கு மேல் குடித்தது. பார்த்தவர்கள் எல்லாம் கார்புரேட்டரைக் குற்றம் சொன்னார்கள். மாமா அதை இரண்டு இடத்தில் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் அண்ணனிடம் கொண்டுவந்தார்.

அண்ணன் கார்புரேட்டரைத் தொடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். மைக்கோ பிளக். அதன் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியாக எரிகிற இன்ஜினில் அந்தப் பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் பெட்ரோல் மிஞ்சுகிறது. எங்கள் பிளக் கறுத்திருந்தது. பிறகு வண்டியை ஓடவிட்டு, காற்று வடிகட்டி டப்பாவின் வாயருகே என் கையைப் பிடித்து வைத்தார். "சூடு தெரிதா தம்பி? இத்தத்தான் அது மூச்சா இழுக்குது. சோறு கம்மியில்ல, காத்துதான் கம்மி."

அவர் சொன்னதன் கணக்கைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். நம்மூர் வெயிலில் அது 9,000 லிட்டருக்கும் மேல். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் அந்தச் சின்ன இன்ஜின் ஒவ்வொரு நிமிடமும் 1,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று சூடானால் விரியும். அதே ஒரு லிட்டரில் எடை குறையும். 30 டிகிரியில் இருந்த காற்று பானெட்டுக்குள் 60 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி 9 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது காற்றின் ஓட்டத்தைப் பார்த்துப் பெட்ரோலை விடுமே தவிர, எடையைப் பார்த்து விடாது. ஆகவே காற்று மெலிய மெலியக் கலவையில் பெட்ரோல் கூடுகிறது. பிளக்கில் கரி, சைலன்சரில் புகை, மேட்டில் இளைப்பு எல்லாம் அந்த ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

குளிர் நாடுகளில் கார்புரேட்டரின் தொண்டையில் பனி படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகவே அந்தக் கால வண்டிகள் பலவற்றில் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து சூடான காற்றை இழுக்க வழி வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் திண்டிவனத்தில் ஓடும் வண்டிக்கு அந்தக் கவலை கிடையாது. கம்பெனிக்காரன் உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் செய்ததை நம்மூருக்கு ஏற்றபடி திருத்த ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் அண்ணன் எடுத்துக்கொண்டார்.

கடையில் ரெண்டு இன்ச் பைப்பில் ஒரு துண்டு கேட்டோம். கடைக்காரர் எந்த ஊர்க் கிணறு என்று விசாரித்தார். கார் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்போ இரண்டை எடுத்து வைத்தார். அண்ணன் தள்ளிவிட்டார். "எல்போ வாணாம். முட்டுச்சந்துல திரும்புற மாதிரி காத்து மோதும். நீட்டு வளைவு வோணும்." கடையில் இருந்த பெண்டு முழுச் செங்கோணம், எங்களுக்கு வேண்டியது அதில் பாதி வளைவுதான். பைப்பை மட்டும் வாங்கினோம். ஆயில் இன்ஜினுக்குப் போடுகிற சக்‌ஷன் ஓஸில் ஒரு சாண், ஓஸ் கிளிப் நான்கு, மண்ணெண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் புனல் ஒன்று, கொசுவலைக் கம்பியில் ஒரு கைக்குட்டை அளவு. ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவுகூட ஆகவில்லை.

வளைவை அவரே செய்தார். பைப்பின் ஒரு முனையில் துணியை அடைத்து, காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்தார். ஸ்டவ்வின் மேல் காட்டி, ஒரே இடத்தில் சூடு படாமல் உருட்டிக்கொண்டே இருந்தார். பி.வி.சி. 80 டிகிரிக்கு மேல் போனால் குழையத் தொடங்கும். மணல் இல்லாமல் வளைத்தால் நடுவில் நசுங்கிப் போகும். மணல் உள்ளே நிற்பதால் வட்டம் வட்டமாகவே இருந்தது. முழங்காலில் சாக்கை விரித்து, அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தி, ஈரத்துணியைச் சுற்றினார். வளைவு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். மணலைக் கொட்டிவிட்டுப் பைப்பைக் கழுவினார். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஒரு நூலில் வெள்ளைத் துணியைக் கட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தார். துணியில் செம்மண் நிறம். மறுபடி கழுவி, மறுபடி இழுத்தார். ஹாக்ஸா பிளேடால் அறுத்த முனைகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பிசிறுகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். துணி வெள்ளையாக வந்த பிறகும் இன்னொரு முறை இழுத்தார். எனக்குப் பொறுமை போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு சிட்டிகை மண்ணு உள்ள போனா ரிங்கு தேஞ்சிரும். அப்புறம் உங்க மாமா மண்டியத்தான் விக்கணும்."

பைப் வண்டியின் உடம்போடு நிற்கும், இன்ஜின் ஆடும். இரண்டையும் விறைப்பாகச் சேர்த்தால் எதுவாவது ஒன்று வெடிக்கும். அதற்காகத்தான் நடுவில் அந்த ஒரு சாண் சக்‌ஷன் ஓஸ். டப்பாவின் மூக்கு சிறிதாக இருந்ததால் சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, மேலே ஓஸைத் தள்ளி, கிளிப்பை முடுக்கினார். எம்-சீல் வைத்து ஒட்டலாமே என்றேன். கல்லாகி அதிர்வில் விரிந்துவிடும் என்றார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து பைப் நான்கு விரல் தள்ளி இருக்கிறதா என்று கையால் அளந்தார். புனலை அறுத்து, கம்பி வலை கட்டி, முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட்டின் மேல்விளிம்பு உயரத்தில், வாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினார். வளைவின் தாழ்ந்த இடத்தில் ஊசியைச் சூடுகாட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டார். மழைத் தண்ணீர் தப்பித் தவறி வந்தால் அதன் வழியே சொட்டிவிடும். பேப்பர் ஃபில்டர் இருந்த இடத்தில் இருந்தது. அதைக் கழற்றினால் வண்டி இன்னும் பறக்கும் என்று சொல்கிறவர்கள் அப்போதும் உண்டு. வானூர், திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகளும் கிரஷர்களும் கிளப்பும் புழுதியில் ஃபில்டர் இல்லாமல் ஓடிய இன்ஜின் என்ன ஆகும் என்பதை அண்ணன் மாதா மாதம் தன் கொட்டகையில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து டிப்பர்களும் டிராக்டர்களும் மூக்கை ஏன் உயரத்தில் வைத்திருக்கின்றன என்று எனக்கு விளக்கியவரும் அவர்தான். புழுதி தரையோரம்தான் அடர்த்தி.

மாமா வந்து பார்த்தார். "இன்னாபா, கெணத்துக்குப் போடற பைப்ப காருக்குப் போட்டிருக்க?" அண்ணன் பதில் சொல்லாமல் ஐடில் ஸ்குருவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அதனால் வண்டி ரேஸ் காராகிவிடவில்லை. காலை நேரத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மத்தியானம்தான் தெரிந்தது: காலையில் ஓடிய வண்டி மத்தியானமும் அப்படியே ஓடியது. மயிலம் மேட்டை செகண்டில் ஏறியது. பிளக்கில் கரி குறைந்து பழுப்பு நிறம் வந்தது. அந்தப் பைப் அவ்வளவுதான் செய்யும். இருந்ததைத் திருடு போகாமல் காக்கும். குதிரைசக்தி கூடுகிறது என்று இத்தகைய வேலைக்குச் சொல்லப்படும் புகழை நான் நம்புவதில்லை. அண்ணனும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

அந்த நாளில் இந்த மாதிரிக் கைவேலை எங்கள் கொட்டகையில் மட்டும் நடக்கவில்லை. அதே மாருதி இன்ஜினை வைத்து எண்பதுகளின் இறுதியில் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் ஃபார்முலா பந்தயக் கார்களைக் கட்டினார். அவை ஓடிய சோழவரம் பந்தயத் தளமே உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1995-ல் விமான விபத்தில் அவர் இறக்கும்போது வயது நாற்பதைத்தான் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் 1969-லேயே கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் தொடங்கிய கே அண்ட் என் போன்ற கம்பெனிகள் காற்று வடிகட்டியைப் பெரிய வியாபாரமாக்கின. அங்கேயும் பணம் இல்லாத பையன்கள் ஹார்டுவேர் கடையில் கழிவுநீர்க் குழாயும் ரப்பர் கப்ளிங்கும் வாங்கி இதே வேலையைச் செய்தார்கள். பொருள் கிடைக்கும் இடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இன்று என் அக்கா மகன் ஓட்டுவது 1,200 சி.சி. பெட்ரோல் கார். நாலு வழிச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் தாம்பரம் தொட்டுவிடுகிறான். அவன் வண்டியின் பானெட்டைத் திறந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அண்ணன் மணல் நிரப்பி வளைத்த அதே வளைவு, கறுப்பு பிளாஸ்டிக்கில், கம்பெனியே வார்த்துக் கொடுத்திருக்கிறது. வாய் முன்பக்கம், ரேடியேட்டருக்கு மேலே, வெளிக்காற்றைப் பார்த்தபடி. நடுவில் ஆட்டத்தைத் தாங்கும் மடிப்பு ரப்பர். டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. பக்கத்தில் தொங்கும் இன்னொரு மூடிய டப்பா, இழுக்கும் காற்றின் இரைச்சலைக் குறைக்க. கொட்டகையில் பாடுபட்டதெல்லாம் இன்று ஒவ்வொரு வண்டியோடும் இலவசமாக வருகிறது. அவனுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையில்லாதபடி மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, அதில் கம்பெனியின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

தெரியாததால்தான் அந்த டப்பாவையும் குழாயையும் மொத்தமாகக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, ஆன்லைனில் பல ஆயிரம் ரூபாய்க்குச் சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டினான். அது இன்ஜினுக்குப் பக்கத்திலேயே, மறைப்பு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமும். "சவுண்டு கேட்டீங்களா மாமா? பிக்கப் செமயா இருக்கு" என்றான். இந்தக் காலத்தில் ஒரு வசதி: ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சின்னக் கருவி ஒன்றைச் செருகினால், உள்ளே போகும் காற்றின் வெப்பம் செல்போனில் தெரியும். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி நின்றபோது எண் ஏறி ஏறி 60-ஐத் தாண்டியது. பழைய டப்பாவை மாட்டிக்கொண்டு அதே வழியில் திரும்பினோம். ஓடத் தொடங்கியதும் வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரிதான் கூடுதல். என் மாமாவின் மாருதியில் எந்தச் சூட்டுக் காற்றைத் தவிர்க்கப் பாடுபட்டோமோ, அதை இவன் காசு கொடுத்து வாங்கி உள்ளே விட்டிருந்தான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆசை அதே ஆசைதான். எங்களுக்கு வாய்த்தது, வண்டி தன் உள்ளுறுப்புகளைக் காட்டிக்கொண்டு நின்றது. கையை வைத்தால் சூடு தெரிந்தது, பிளக்கைப் பார்த்தால் நிறம் தெரிந்தது. 2000 வாக்கில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்தது. அது நல்லதே, காற்றின் வெப்பத்தையும் அளவையும் அறிந்து கலவையைத் தானே சரிசெய்துகொள்கிறது, புகையும் குறைந்தது. ஆனால் அங்கே குழாயின் விட்டத்தைக் கண்டபடி மாற்றக் கூடாது. காற்றை அளக்கும் சென்சார் குழாயிலேயே உள்ள வண்டிகளில் விட்டம் மாறினால் கணக்கு பிசகும். எண்ணெய் தடவிய ஃபில்டரிலிருந்து எண்ணெய் பறந்து சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்தாலும் பிசகும். இதையெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். கூம்பு ஃபில்டர் பரணுக்குப் போனது.

அந்த ஆண்டு நவம்பரில்தான் ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் எட்டி ரயில்கள் நின்றன. வீடும் பயிரும் ஆடுமாடும் போன துயரத்துக்கு முன்னால் காரைப் பற்றிப் பேசுவது சிறிய விஷயம். ஆனாலும் கடன் வாங்கி கால் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இன்ஜின் போவது சிறிய விஷயமல்ல.

தண்ணீரை நசுக்க முடியாது. இதுதான் முழு விஷயமும். அக்கா மகனின் வண்டி மாதிரி ஒன்றில் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி காற்று. பிஸ்டன் மேலே வரும்போது அதைப் பதினொன்றில் ஒரு பங்காக நசுக்கும். அப்போது மிச்சம் இருக்கும் இடம் ஏறத்தாழ 30 மில்லிதான். டீசலில் இன்னும் குறைவு. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் ஏற வழியில்லை. கனெக்டிங் ராடு வளையும், இல்லாவிட்டால் உடைந்து பிளாக்கைத் துளைக்கும். வெள்ளத்தில் வேகமாகப் போனால் முன்னால் ஓர் அலை எழும்பிக் கிரில் வழியாக நேராக அந்த வாய்க்குள் புகும். நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்துபார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. அப்படிச் செல்ஃப் அடித்துப் போன இன்ஜினுக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பணமும் வராது. இன்ஜினுக்கென்று தனியாக பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

டிசம்பர் 1 காலை அக்கா மகன் போன் செய்தான். வீட்டு வாசலில் நின்ற வண்டியில் இரவு தண்ணீர் ஹெட்லைட்டுக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது. "மாமா, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?"

"சாவியத் தொடாதே. பேட்டரி ஒயரக் கழட்டிட்டு நில்லு, வர்றேன்."

அண்ணன் இப்போது இல்லை. அவர் கொட்டகையில் வேலை கற்றவர் ஒருவர் தனியாகக் கடை வைத்திருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு போனேன். ஃபில்டர் டப்பாவைத் திறந்தோம். பேப்பர் முழுக்க நனைந்திருந்தது. டப்பாவின் அடியில் இருந்த ஓட்டையைச் சேறு அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் தண்ணீர் வடிந்தது. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். மூன்றாவது சிலிண்டரின் பிளக் ஓட்டையிலிருந்து ஒரு பீய்ச்சல். அக்கா மகன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். சாவியைத் திருப்பியிருந்தால் அந்தத் தண்ணீர்தான் ராடை வளைத்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிலிண்டர்களில் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம். வண்டியை அவர் கடைக்கு இழுத்துப்போய் இன்ஜின் ஆயிலை வடித்தோம். பாலில் டிகாக்‌ஷன் கலந்த நிறத்தில் வந்தது. புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், புதுக் காற்று ஃபில்டர். ஒயர் இணைப்புகளை எல்லாம் கழற்றிக் காற்றடித்து உலர்த்த இரண்டு நாள் ஆனது. பிறகு ஸ்டார்ட் செய்து, சற்று நேரம் ஓடவிட்டு, அந்த ஆயிலையும் கொட்டிவிட்டு வேறு ஊற்றினோம். கடையில் பழுது பார்க்க நின்ற மற்ற வண்டிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வண்டியின் பானெட்டைத் திறந்து, இதில் அந்த வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அக்கா மகன்தான் போய்க் குனிந்து தேடி, ஃபெண்டர் ஓரத்தில் தாழ்வாக இருந்த குழாயைக் காட்டினான். முழங்கால் அளவு தண்ணீரில்கூட இந்த வண்டியை இறக்கக் கூடாது என்று சொன்னான்.